கொட்டியாரக் குடாவும் கஞ்சாச் செடியும்: ஓர் இனப்பாகுபாட்டின் வரலாறு

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கோட்டைகளையும் கடற்படைகளையும் பற்றியனவே. போர்த்துக்கேயர் 1624இற் கோட்டை அமைத்ததும், ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றியதும், 1795இல் அது ஆங்கிலேயர் வசமானதும், 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியதும் பாடநூல்கள் வாயிலாகவே நாமறிந்த செய்திகள். ஆனால், அத்துறைமுகத்தின் தென்புறத்தே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவில் 1660இல் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் தாவரவியல் வரலாற்றிலும் தன் தடத்தைப் பதித்துள்ளமை போதிய கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை. கஞ்சாச் செடி ஓரினமா, ஈரினமா என்னும் வினா இன்றுவரை அறிஞரைப் பிரித்து வைத்திருக்கிறது. அவ்வினாவின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்று, இக்குடாவிற் சிறைப்பட்ட ஒருவர் வாயிலாகவே இலண்டனைச் சென்றடைந்தது. அவ்வரலாற்றைத் தொடர்ந்து செல்லும்போது, பாகுபாடு என்று நாம் கருதுவது எந்த அளவுக்குச் செடியின் இயல்பிலிருந்து எழுவது, எந்த அளவுக்கு மனிதரின் பயன்பாட்டிலிருந்து எழுவது என்ற கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஆன்' என்னும் கப்பல் 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடுதற்கு மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த மாலுமிகளுட் பதினறுவர், 1660இற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். கப்பற்றலைவரும், றொபேட் நொக்ஸ் என்ற அதே பெயரைத் தாங்கிய பத்தொன்பது வயது மகனும் அவர்களுள் அடங்குவர். தந்தை மறுவருடமே காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழப் பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679ஆம் ஆண்டு ஒக்டோபரில் தோழர் ஒருவருடன் காட்டுவழியே தப்பி, மன்னார்ப் பகுதியிலே ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது இலங்கை வரலாற்று நூல் அக்காலச் சிங்களக் கிராம வாழ்க்கைக்கு முதன்மைச் சான்றாக இன்றும் ஆளப்படுகிறது. மூதூரில் அவர் பிடிபட்டதாகக் கூறப்படும் புளியமரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. 'வெள்ளைக்காரன் மரம்' என்று அவ்விடம் பெயர் பெற்றது.

அந்நூலின் ஒரு பகுதிதான் ஈண்டு நமக்கு வேண்டியது. நொக்ஸும் அவர் தோழரும் தொப்பி பின்னியும் சிறுபொருள் விற்றும் பிழைத்தனர். வாணிபத்தைச் சாட்டாகக் கொண்டு, தப்பிச்செல்லும் வழியை ஆராயும் நோக்குடன், வறண்ட வடபாகத்துக்கு அடிக்கடி சென்று வந்தனர். அங்கே மழையற்ற காலங்களிற் குளங்களின் அடியில் எஞ்சிக்கிடந்த சேற்றுநீரே குடிநீர். அதனாற் காய்ச்சலும் வயிற்றுநோயும் அவர்களை வாட்டின. ஈற்றில், உலர்ந்த ஓர் இலையைப் பொடித்து நாட்டுக் கருப்பட்டியுடன் சேர்த்துக் காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்ணும் வழக்கத்தை அவர்கள் கற்றுக்கொண்டனர். அது தலையைக் கிறுகிறுக்கச் செய்யுமேயன்றிப் பேதியையோ வாந்தியையோ உண்டாக்காது என்றும், அதன்பின் தமக்கு அந்நோய் வரவில்லை என்றும் அவர் எழுதுகிறார். போர்த்துக்கேயர் அவ்விலையை 'பங்கா' என்பர் எனவும் குறிப்பிடுகிறார். அதனைக் கற்பித்தவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. குடியேற்றக்கால நூல்கள் பலவற்றிற்கும் இது பொதுவான குறை. அறிவைப் பெற்றவரின் பெயர் நூலின் முகப்பில் நிற்க, அதனைக் கொடுத்தவர் பெயர் எங்குமே இராது.

ஒன்றை இங்கே கவனித்தல் வேண்டும். இம்மாலுமிகளுக்கு அச்செடி புதியதன்று. அக்கால ஆங்கிலக் கப்பல்களின் பாய்களும் நங்கூரக் கயிறுகளும் பெரும்பாலும் அதே செடியின் நாரினால் ஆனவை. பாய்த்துணியைக் குறிக்கும் 'கன்வஸ்' என்னும் சொல்லே 'கன்னாபிஸ்' என்ற இலத்தீன் பெயரிலிருந்து பிறந்ததுதான். பால்டிக் கரைத் துறைகளிலிருந்து பெருந்தொகையாக இறக்குமதியான அந்நாரின்றி ஐரோப்பியக் கடலாதிக்கமே இல்லை எனலாம். கயிறாக அறிந்திருந்த ஒன்றை, கயிறென்று அறியாமலே, மருந்தாக அவர்கள் உண்டார்கள். இரண்டும் ஒன்றே என்பதை உணர்ந்து கூறியவர் மாலுமியல்லர், இலண்டனில் இருந்த ஓர் அறிவியலாளர்.

அவர் றொபேட் ஹூக். நுணுக்குக்காட்டியின் கீழே தக்கையை வைத்து நோக்கி, 'செல்' என்னும் சொல்லை உயிரியலுக்குத் தந்தவர் அவரே. நொக்ஸின் நூல் வெளிவர உதவியவரும் அதற்கு முன்னுரை எழுதியவரும் அவர்தாம். விடுதலையின் பின் கம்பெனிக் கப்பல்களிற் கீழைத்தேயம் சென்றுவந்த நொக்ஸ், 1689இல் இலண்டன் கோப்பிக்கடையொன்றில் ஹூக்கைச் சந்தித்து இச்செடியைப் பற்றிக் கூறிய செய்தி ஹூக்கின் நாட்குறிப்பில் உள்ளது. அதே ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி றோயல் சங்கத்தில் ஹூக் இதுபற்றி உரை நிகழ்த்தினார். அவ்வுரை அவர் மறைவுக்குப் பின், 1726இல் டெர்ஹம் என்பவர் பதிப்பித்த தொகுப்பிலேதான் அச்சேறியது.

உரை மிகச் சிறியது. ஆனால் அதில் அடங்கியுள்ள செய்திகள் பல. மூர் இனத்தவர் இதனைக் 'காஞ்சே' என்றும் சிங்களவர் 'கொன்சா' என்றும் போர்த்துக்கேயர் 'பாங்' என்றும் வழங்குவர் என ஹூக் குறிக்கிறார். கண்டி இராச்சியத்திலும் கீழ்க்கரையிலும் வாழ்ந்த முஸ்லிம்களின் மொழி தமிழாதலின், முதலாவது பெயர் நமது 'கஞ்சா' என்னும் சொல்லே எனக் கொள்ள இடமுண்டு. நொக்ஸ் இந்தியத் துறைகளிலும் பழகியவராதலால் அங்கே கேட்ட வடிவமாகவும் அது இருக்கலாம். புகைக்குழாய் ஒன்றை நிரப்பும் அளவு பொடியை உண்டால், உண்டவர் சிறிது நேரம் நினைவும் அறிவும் மயங்கிச் சிரித்தும் பாடியும் இருப்பர். பின்னர் ஆழ்ந்து உறங்கி எழுவர். எழுந்ததும் நன்கு பசிக்கும். முன்பிருந்த வயிற்றுக்கோளாறும் தலைக்கோளாறும் அகன்றிருக்கும் என அவர் விவரிக்கிறார். சித்தப்பிரமை கொண்டோர்க்கு இது பயன்படக்கூடும் என்ற ஊகமும் அங்கே உண்டு. அச்சத்தை விடச் சிரிப்புக்கே இதில் இடமுண்டு என்ற பாங்கிலே அவர் பேசுகிறார்.

தாவரவியல் நோக்கில் முக்கியமானவை அவர் கூறிய வேறிரு செய்திகள். விதை, இலை, தண்டு, பூ ஆகிய அனைத்திலும் இச்செடி ஐரோப்பிய நார்ச்செடியை ஒத்திருப்பதால், இதனை இந்திய நார்ச்செடி என்றே சொல்லிவிடலாம் என்பது ஒன்று. தம்மிடமுள்ள விதைகளை வரும் வசந்தத்தில் விதைத்து, செடி முளைத்தால் அதற்கு அதே குணம் இங்கும் இருக்குமா என்று சோதிக்கப்போவதாகக் கூறியது மற்றொன்று. வடிவத்தால் ஒன்று, குணத்தால் வேறு. அப்படியாயின் குணம் நிலத்தினால் வருவதா, விதையினால் வருவதா? பின்வந்த நூற்றாண்டுகளின் ஆராய்ச்சி முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே நடந்தது. தம் கைவசமிருந்த உலர்ந்த மாதிரி வீரியம் இழந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். அதனைப் பின்னர் நோக்குவோம்.

செடியின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறின்: இது ஓராண்டு வாழும் பூண்டு. நிமிர்ந்து வளரும். இலைகள் விரித்த கைவிரல்கள் போலப் பிரிந்த கூட்டிலைகள். சிற்றிலைகளின் விளிம்பு வாட்பல் போன்றது. காற்றினால் மகரந்தச் சேர்க்கை நிகழும். பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறாக வளரும் ஈரில்லத் தாவரம். பெண்பூவைச் சூழும் பூவடியிலைகளிற் செறிந்துள்ள சுரப்பு மயிர்களே பிசினைச் சுரக்கின்றன. செடியின் மருத்துவமும் மயக்கமும் வழக்கும் தண்டனையும் ஊசிமுனையளவுள்ள இம்மயிர்களிலேயே தங்கியிருக்கின்றன.

ஆண், பெண் வேறுபாடு கைக்கொள்ளப்பட்ட விதம் சுவையானது. ஐரோப்பியக் குடியானவர் நெடுங்காலம் தடித்த செடியை ஆணென்றும் மெலிந்ததைப் பெண்ணென்றும் தலைகீழாகவே வழங்கி வந்தனர். மலையாளக் கரையின் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் றீட் தொகுத்த 'ஓர்த்தூசு மலபாரிக்கூசு' நூலின் பத்தாந் தொகுதியில் (1690) 'களெங்கி கஞ்சாவ', 'செறு கஞ்சாவ' என இருவேறு செடிகளாகப் படம் வரையப்பட்டிருப்பது உண்மையில் ஓரினத்தின் ஆணும் பெண்ணுமே. தாவரங்களுக்குப் பால் உண்டென்பதை 1694இல் நிறுவிய யேர்மானிய அறிஞர் கமெராரியசு சோதித்த செடிகளுள் இதுவும் ஒன்று. 1760இல் லின்னேயசும் இதனைச் சட்டியில் வளர்த்து, ஆண்செடியை அகற்றினாற் பெண்செடி விதை கொள்ளாமையைக் காட்டினார். இவ்வுண்மையை வங்காளத்து நௌகாங் கஞ்சாப் பயிர்ச்செய்கையாளர் நூல்வழியன்றி அனுபவவழி அறிந்திருந்தனர். ஆண்செடிகளை இனங்கண்டு பிடுங்கி எறிவதற்கென்றே அங்கே 'போத்தார்' எனப்படும் கைதேர்ந்த தொழிலாளர் இருந்தனர். விதை கொள்ளாத பெண்பூங்கொத்தே பிசின் மிகுந்தது; அரசுக்கு வரி கொடுத்ததும் அதுவே.

இனி இனப்பாகுபாடு. 1753இல் லின்னேயசு இதற்குக் 'கன்னாபிஸ் சற்றைவா' எனப் பெயரிட்டு ஓரினமாகவே கொண்டார். 'சற்றைவா' என்றால் 'பயிரிடப்படுவது' என்பது பொருள். அவர் நன்கறிந்தது வட ஐரோப்பாவின் நார்ப்பயிரே. 1785இற் பிரெஞ்சு அறிஞர் லமார்க் இதனை மறுத்து, இந்தியாவிலிருந்து சொன்னெரா அனுப்பிய மாதிரிகளை வைத்துக் 'கன்னாபிஸ் இண்டிக்கா' என்னும் இரண்டாம் இனத்தை வகுத்தார். சொன்னெரா புதுச்சேரியிற் பல்லாண்டுகள் பணியாற்றியவர். லமார்க் காட்டிய வேறுபாடுகளுட் சில இலையமைப்பைச் சார்ந்தவை. ஆனால் அவர் அழுத்திக் கூறியது வேறொன்று: இந்தியச் செடியின் தண்டு கடினமானது, பட்டை மெல்லியது, ஆதலால் அது நாருக்குதவாது, அதன் சிறப்பெல்லாம் மூளையை மயக்குவதே. இங்கே இனத்தை வகுப்பது உருவமா, உபயோகமா? மேகம் சூழ்ந்த ஐரோப்பாவில் நாருக்காக நெருக்கமாக விதைத்த செடியையும், வெயில் மிகுந்த நிலத்திற் பிசினுக்காக இடைவெளிவிட்டு வளர்த்த செடியையும் அருகருகே வைத்தால், உழைப்பின் வேறுபாடே உருவ வேறுபாடாய்த் தோன்றக்கூடும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1893இற் கல்கத்தாவின் தாவரவியலாளர் டேவிட் பிறெய்ன் வங்காளக் கஞ்சாச் செய்கையை நேரில் ஆராய்ந்து, இந்தியச் செடியைத் தனியினமாகக் கொள்ள ஆதாரமில்லை என்றார். அவ்வாண்டிலே தொடங்கிய இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு, மிதமான உபயோகம் பெரிய தீங்கை விளைவிப்பதில்லை என்றும், முழுத்தடையை விடக் கட்டுப்பாடும் வரியுமே உகந்தவை என்றும் 1894இல் அறிக்கையிட்டது. வரிவருமானம் அம்முடிவிற்குத் துணைநின்றதென்பதை மறந்துவிடலாகாது. 1924இல் உருசிய அறிஞர் யனிஷெவ்ஸ்கி, வொல்காப் பகுதியிற் காடாய் வளரும் குட்டைச் செடிக்குக் 'கன்னாபிஸ் றூடெறாலிஸ்' எனப் பெயரிட்டு மூன்றாம் இனமொன்றைச் சேர்த்தார்.

இவ்விவாதம் நீதிமன்றம் ஏறிய கதை வேறு. 1970களில் அமெரிக்க வழக்கறிஞர் சிலர், சட்டம் தடைசெய்தது 'சற்றைவா' என்ற இனத்தையே, எதிரியிடம் அகப்பட்டதோ 'இண்டிக்கா' என்று வாதிட்டனர். தாவரவியலாளர் இருதரப்பிலும் சாட்சிக்கூண்டேறினர். நூலகத்தில் உறங்கிய லமார்க்கின் விவரணம் ஒருவனைச் சிறைக்கனுப்புவதா விடுவிப்பதா என்பதைத் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று.

ஹூக்கின் வினாவுக்கு விடை தேடும் சோதனையும் அதே பத்தாண்டிலேதான் பெரிய அளவில் நடந்தது. கனடாவின் ஒட்டாவாவில் எர்னெஸ்ட் ஸ்மோல் என்பவரும் குழுவினரும் உலகெங்குமிருந்து பெற்ற 350 விதைத்தொகுதிகளை ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டனர். ஒரே நிலத்தில், ஒரே காலநிலையில் வளர்ந்தபோதும் நார்வகைகள் நார்வகைகளாகவும் மயக்கவகைகள் மயக்கவகைகளாகவுமே நின்றன. குணம் பெரிதும் விதையிலே உள்ளது; நிலத்தில் அன்று. 1976இல் ஸ்மோலும் குரொன்குவிஸ்ரும் ஓரினம், இரு உபஇனங்கள் என்னும் திட்டத்தை முன்வைத்தனர். இரண்டையும் பிரிக்கும் எல்லையாக, இளம் மேலிலைகளின் உலர்நிறையிலே 'டி.எச்.சி.' என்னும் மயக்கப்பொருள் நூற்றுக்கு 0.3 பங்கு இருத்தலை அவர்கள் கொண்டனர். அவ்வெண் இயற்கை இட்ட கோடன்று. வசதிக்காக வரைந்த கோடு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். ஆயினும் பின்னர் அவ்வெண் பல நாடுகளின் சட்டத்தினுட் புகுந்தது. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டம், 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடியைப் பயிராகவும் மேற்பட்டதைப் போதைப்பொருளாகவும் கொள்கிறது. 0.29 உடைய செடியை வளர்ப்பவன் விவசாயி, 0.31 உடையதை வளர்ப்பவன் குற்றவாளி. பாகுபாட்டியலின் எந்தவோர் எண்ணும் இத்துணை நேரடியாக மனிதர் வாழ்வைத் தொட்டதில்லை.

பரம்பரையியல் இவ்விடயத்தை மேலும் தெளிவுபடுத்தியுள்ளது. மயக்கத்தைத் தரும் டி.எச்.சி.யும் மயக்கம் தராத சி.பி.டி.யும் ஒரே முன்னோடிப் பொருளிலிருந்து உருவாவன. எது மிகும் என்பதைப் பெரும்பாலும் ஒரு சிறிய பரம்பரையலகுப் பகுதியே முடிவுசெய்கிறது என 2003இற் காட்டப்பட்டது. 2021இல் நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகளின் முழுப் பரம்பரைத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, இச்செடி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்காசியாவில் மனிதர் கைப்பட்டதென்றும், நார்வகையும் மயக்கவகையும் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தனவென்றும் கணித்தது. இன்று வணிகர் வாயிலே வழங்கும் 'சற்றைவா', 'இண்டிக்கா' என்னும் பெயர்கள் இப்பரம்பரை வரலாற்றோடு பொருந்துவதில்லை. நம் பொலிஸ் அறிக்கைகளில் அடிக்கடி வரும் 'கேரளக் கஞ்சா' என்பதும் அவ்வாறே ஒரு சந்தைப் பெயர், தாவரவியற் பெயரன்று.

குடும்ப உறவைப் பொறுத்தவரை, இதனை முன்னர் முசுக்கொட்டைக் குடும்பத்திலும் காஞ்சொறிக் குடும்பத்திலும் வைத்திருந்தனர். பின்னர் பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்புக் கொடியுடன் சேர்த்துக் கன்னாபேசியே என்னும் தனிக் குடும்பமாக்கினர். அண்மைய மூலக்கூற்று ஆய்வுகளின் பின், நம் காடுகளில் மரமாக வளரும் செல்ட்டிஸ், ட்ரீமா என்னும் சாதிகளும் அக்குடும்பத்திற் சேர்க்கப்பட்டுள்ளன. எனவே இச்செடியின் உறவினர் பலர் எவ்வித வழக்குமின்றி நம்மைச் சுற்றி வாழ்கின்றனர்.

உறவில்லாது பெயரால் மட்டும் ஒட்டிக்கொண்டவை இன்னும் பல. தமிழிலே 'ஹெம்ப்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் 'சணல்' என மொழிபெயர்ப்போர் மூன்று வெவ்வேறு குடும்பச் செடிகளைக் குழப்பிவிடுகின்றனர். சணல் எனப் பொதுமக்கள் கூறும் சாக்கு நார் கோர்க்கோரசுச் சாதியினது. சணப்பு அவரைக் குடும்பத்துக் குறொட்டலேரியா. புளிச்சை நாரோ செம்பருத்திக் குடும்பத்தது. இலையின் உருவொற்றுமையால் அதன் இனப்பெயரிற் 'கன்னாபினசு' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. நம் வறண்டநிலப் புதர்களில் வளரும் மருளுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'இலங்கை வில்நாண் ஹெம்ப்'. உருசிய நாருக்கு ஈடான கயிற்று நார் ஒன்றைத் தம் ஆட்சிப் புலத்திலேயே தேடிய கம்பெனி, வங்காளத்தில் றொக்ஸ்பேக்கைக் கொண்டு இத்தகைய நார்களின் வலிமையைச் சோதித்தது. கடற்படைத் தேவையே அச்சோதனைகளின் பின்னணி. 'ஹெம்ப்' என்ற பெயரின் பெருக்கத்துக்கும் அதுவே காரணம். மறுபுறம், கஞ்சாங்கோரை என்பது துளசிச் சாதியைச் சேர்ந்த அப்பாவிப் பூண்டு. பெயரை மட்டும் கண்டு சித்த வைத்தியச் சுவடிகளுக்குப் பொருளுரைப்போர் இதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சித்த மருத்துவ மரபில் இச்செடிக்குக் கோரக்கர்மூலி, சிவமூலி, ஆனந்தமூலி என்றெல்லாம் பெயருண்டு. சிங்கள ஆயுர்வேத மரபு இதனைத் 'திரைலோக்கிய விசயபத்திரம்' என்று கௌரவிக்கிறது. 'மதன மோதகம்' போன்ற மருந்துகளிற் பொடித்த இலையை இனிப்புடன் உருட்டிச் சேர்க்கும் முறை அம்மரபில் உண்டு. நொக்ஸ் உண்ட இலையும் கருப்பட்டியும் இம்மோதக முறையின் ஏழைவீட்டு வடிவமே எனக் கொள்வதில் தவறிருக்காது. இலையைக் கழுவி, உலர்த்தி, நெய்யில் வறுத்துச் சுத்திசெய்யும் முறையையும் சுதேச மருத்துவ நூல்கள் விதிக்கின்றன. பச்சைச் செடியில் உள்ளது மயக்கமற்ற ஓர் அமிலம்; வெப்பம் படும்போதே அது டி.எச்.சி.யாக மாறுகிறது. டி.எச்.சி. நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். வறுத்தலும் நெய்யும் ஏன் என்பதற்கு வேதியியல் இப்படி விடை தருகிறது. விதித்தவர்கள் அவ்வேதியியலை அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசவேண்டியதில்லை. நெடுங்காலச் சோதனையால் விளைவை அறிந்திருந்தார்கள் என்பதே போதுமானது.

நொக்ஸின் மருந்து வேலை செய்திருக்குமா? அவர் அதனை நீரின் நஞ்சுக்கு மாற்று என்று நம்பினார். கிருமியைப் பற்றி எவரும் அறியாத காலம் அது. இவ்விலை குளத்துநீரைத் தூய்மையாக்கியிராது. காய்ச்சலின் காரணத்தையும் அகற்றியிராது. ஆனால், 1839இற் கல்கத்தாவில் ஓஷோனெஸி என்னும் மருத்துவர் இதனை வாந்திபேதி, ஏற்புவலி முதலிய நோய்களுக்குக் கொடுத்துச் சோதித்து, வலிப்பையும் வேதனையையும் தணிப்பதை ஐரோப்பிய மருத்துவத்துக்கு அறிவித்தார். 1964இல் கயோனியும் மெக்கூலமும் டி.எச்.சி.யின் அமைப்பை வெளியிட்டனர். 1988இல் அது பற்றிக்கொள்ளும் வாங்கி மூளையில் அறியப்பட்டது. குடற்சுவரின் நரம்புகளிலும் அவ்வாங்கி இருப்பதும், அது தூண்டப்படும்போது குடலின் அசைவு தணிவதும் பின்னர் தெரியவந்தன. குமட்டலைத் தணிப்பதும் பசியைத் தூண்டுவதும் இன்று ஐயமற்ற குணங்கள். புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்திக்கு டி.எச்.சி. மாத்திரை 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயிற்றுக்கோளாறு நீங்கிப் பசி எழும் என்று ஹூக் சொன்னதில் மிகையில்லை. நம் உடலே இவ்வாங்கிக்காகச் சுரக்கும் பொருளொன்று 1992இற் கண்டறியப்பட்டபோது, சமற்கிருத 'ஆனந்த' என்ற சொல்லைக்கொண்டு அதற்கு 'அனந்தமைட்' எனப் பெயரிட்டனர். ஆனந்தமூலி என்ற பழைய பெயரை அவர்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ, பெயர்கள் பொருந்திவிட்டன. 2018இல், குழந்தைகளைத் தாக்கும் இருவகைக் கடும் வலிப்புநோய்களுக்குச் சி.பி.டி. மருந்து அங்கே அனுமதிக்கப்பட்டது.

இதனால் இச்செடி தீங்கற்றது என்றாகிவிடாது. இளவயதிலேயே தொடங்கி நாளும் மிகுதியாக உபயோகிப்போரிடையே மனச்சிதைவு நோய் கூடுதலாகக் காணப்படுவதும், பழக்க அடிமைத்தனம் ஒரு பகுதியினரைப் பற்றுவதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டவை. சித்தப்பிரமைக்கு இது மருந்தாகலாம் என்ற ஹூக்கின் ஊகத்தை இன்றைய மருத்துவர் எவரும் பரிந்துரையார். மருந்தென்று போற்றுவோரும் நஞ்சென்று தூற்றுவோரும் ஒரே செடியின் வெவ்வேறு உறுப்புகளையும் அளவுகளையும் பற்றிப் பேசுகின்றனர் என்பதே சிக்கல்.

சட்டங்களை உற்றுநோக்கின் இவ்வுண்மை வெளிப்படும். சர்வதேசச் சட்டம் இச்செடியை இனத்தால் அன்றி உறுப்பால் வரையறுத்தே வந்துள்ளது. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை 'இந்திய ஹெம்ப்' எனக் கொண்டது பிசின் நீக்கப்படாத பெண்செடியின் பூங்கொத்துகளை மட்டுமே. 1961ஆம் ஆண்டு தனி உடன்படிக்கை ஆண், பெண் என்ற பேதத்தை விடுத்துப் பூங்கொத்துகளைத் தடைசெய்து, கொத்தோடு சேராத விதையையும் இலையையும் விலக்கியது. நாருக்கும் விதைக்குமான பயிர்ச்செய்கையையும் அது தொடவில்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வரையறையைப் பின்பற்றுவதால், வட இந்தியாவில் இலையாற் செய்யும் பாங்கு அச்சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் அடங்காது. நொக்ஸ் உண்டதும் இலைதான். ஆனால் அவர் அதனை உண்ட நாட்டிற் சட்டம் வேறு. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் உரிமமின்றி இச்செடியை வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. குடியேற்ற ஆட்சி இயற்றிய இச்சட்டமே, பல திருத்தங்களுடன், சுதந்திர இலங்கையிலும் தொடர்கிறது. 2020 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 27க்கு 25 என்ற வாக்கு வித்தியாசத்தில் இச்செடியை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியது. முதலாம் அட்டவணையில் அது இன்னும் உள்ளது.

சுதேச வைத்தியருக்கு மருந்துக்காக இதனை வழங்கும் ஏற்பாடு இலங்கையில் இருக்கவே செய்கிறது. அம்மருந்துச்சரக்கு வந்த வழிதான் விசித்திரமானது: பொலிசார் கைப்பற்றி, வழக்கு முடிந்தபின் நீதிமன்றம் விடுவிக்கும் கஞ்சாவே அது. அவ்வாறு கிடைப்பது நான்கைந்து ஆண்டுகள் பழையதாய் வீரியம் இழந்துவிடுகிறது என்று 2017இற் சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்ன கூறி, மருந்துக்கெனத் தோட்டமொன்று அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். இலண்டனிலே ஹூக் தம் கைமாதிரியைப் பற்றி முறையிட்டதும் இதுவே. காற்றும் ஒளியும் பட்டு நாட்பட டி.எச்.சி. சிதைந்து வலிமை குன்றிய வேறொரு பொருளாக மாறுகிறது. ஹூக்குக்கு அதன் காரணம் தெரிய வழியில்லை, நமக்குத் தெரியும்.

கொட்டியாரக் குடாவுக்கு வடக்கே, நிலாவெளி வீதியிலுள்ள கோணேசபுரியிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருக்கோணமலை வளாகம் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. கோரக்கர்மூலி சேரும் மருந்துகளின் பாடம் சுவடிகளில் உள்ளது. செடியின் ஆண், பெண் எது, சுரப்பு மயிர் எங்கே, சுத்திசெய்யுமுன் அதிலுள்ள டி.எச்.சி. எவ்வளவு, சுத்திசெய்தபின் எவ்வளவு என்பவற்றை அளந்தறிய ஒரு நுணுக்குக்காட்டியும் ஓர் எளிய நிறப்பகுப்புக் கருவியும் உரிமம் பெற்ற சில செடிகளும் போதும்.